முன்குரலும் கீழ்க்குரலும்

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பொறியாளராகப் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு விடுமுறையில் அம்பத்தூர் வந்தவர், அஸர் தொழுகை முடிந்ததும் நம்மோடு நடந்து வீடுவரை வந்தார். தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீர் அருந்தி, நலங்கள் விசாரித்து முடிந்தபின், சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார்.

"ஹஜ்ரத், ஒரு பாட்டைக் கேட்க வேண்டும். இங்கிலீஷ் பாட்டு, காதல் பாட்டு. பொருளை விட்டுவிடுங்கள். குரல்களை மட்டும் கேளுங்கள்" என்றார்.

நாம் தயங்கினோம். ஐம்பதைக் கடந்த வயதில், அரபியும் தமிழும் கற்பித்து வாழ்நாளைக் கழித்துவரும் நமக்கு அந்நிய நாட்டுக் காதல் பாட்டோடு என்ன உறவு? ஆனால் கேட்பவர் நம் மாணவர். அதிலும், நாம் ஒரு காலத்தில் மனம் நோகச் செய்த மாணவர். மறுக்க நா எழவில்லை.

முதலில் வந்தது ஒரே ஒரு கீழ்க்குரல். எந்த வாத்தியமும் அதற்கு முன்னே வரவில்லை. ஆழ்கிணற்றின் அடியில் வாளி தட்டுவது போன்ற அந்தக் குரல், பொருளில்லாத சில அசைகளைத் துள்ளித் துள்ளிச் சொல்லிற்று. அதன்மேல் வேறு குரல்கள் வந்து படிந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, விடியற்காலைக் குருவி போல, ஒரு சிறுவனின் குரல் எழுந்தது. இரண்டரை நிமிடத்திற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

"மேலே பாடுகிறவனுக்கு அப்போது வயது 13. அவன் பெயர் உலகமெல்லாம் தெரியும். முதலில் வந்த கீழ்க்குரல் யாருடையது என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியாது" என்றார் மாணவர். பிறகு சற்று நிறுத்தி, சிரித்துக்கொண்டே, "ஹஜ்ரத்துக்கு நினைவிருக்கிறதா, நம் பைத்து வரிசையில் நான் எந்த இடத்தில் நின்றேன் என்று?" எனக் கேட்டார்.

நினைவிருந்தது. இக்கட்டுரை எழுத நேர்ந்ததும் அதனாலேயே.

அன்று அவர் சொல்லக் கேட்டதையும், பின்னர் நாமே தேடிப் படித்தறிந்ததையும் முதலில் சொல்லிவிடுகிறோம்.

இவ்வகைப் பாடலுக்கு 'டூ-வாப்' என்று பெயர். பெயரும் ஒரு பொருளற்ற ஒலியே. பாடல் பிறந்து பல்லாண்டு கழித்து, 1960களின் தொடக்கத்தில்தான் இப்பெயர் அச்சேறியது. பாடியவர்கள் பெரும்பாலும் அமெரிக்க நகரங்களின் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய ஊர்களின் தெருமுனைகளில், நால்வரும் ஐவருமாக நின்று, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இதை வளர்த்தார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லை. ஆதலால் வாயே வாத்தியமாயிற்று. கீழ்க்குரலுக்கு உரியவன் பெரிய தந்திக் கருவியின் வேலையைச் செய்வான். இடைக்குரல்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒத்திசைத்து நிற்கும். மேற்குரல் பாட்டின் சொற்களைச் சொல்லும். எதிரொலி கிடைக்கும் இடமாகப் பார்த்து நிற்பார்கள்: மாடிப்படிக் கட்டின் அடி, பாலத்தின் அடி, சுரங்க ரயில் நிலையம், பள்ளிக்கூடத்துக் கழிவறை. நம் பிள்ளைகள் ஹவுளைச் சுற்றிய தாழ்வாரத்தில் நின்று ஓதினால் குரல் இருமடங்காகக் கேட்பதை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

இவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. 1930களில் மில்ஸ் பிரதர்ஸ் என்னும் நான்கு சகோதரர்கள் எக்காளத்தையும் மற்றக் கருவிகளையும் வாயாலேயே ஒலித்துக் காட்டினர். கேட்டவர்கள் நம்பமாட்டார்கள் என்று, ஒரு கிதாரைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் பயன்படுத்தப்படவில்லை என இசைத்தட்டின் மேலேயே அச்சிட்டனர். அவர்களை அடுத்து இங்க் ஸ்பாட்ஸ் என்னும் குழு வந்தது. போர் முடிந்தபின் வந்த குழுக்கள் பறவைகளின் பெயரைச் சூட்டிக்கொண்டன: ரேவன்ஸ், ஓரியோல்ஸ், குரோஸ், ஃபிளமிங்கோஸ், பெங்குவின்ஸ். கூண்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பறவையின் பெயர்மேல் ஆசை வந்தது வியப்பில்லை.

பொருளற்ற அசைகளைப் பாடுவது பைத்தியக்காரத்தனம் என்று சிலர் எண்ணலாம். நாமும் முதலில் அப்படித்தான் எண்ணினோம். சிந்தித்துப் பார்த்தபோது நம் வீட்டிலேயே அது இருக்கக் கண்டோம். ஓடக்காரனின் 'ஏலேலோ'வுக்கு என்ன பொருள்? நாற்று நடும் பெண்ணின் 'தன்னானே'வுக்கு என்ன பொருள்? தொட்டிலை ஆட்டும் தாயின் 'ஆராரோ' எந்த அகராதியில் உள்ளது? இடைச்சொற்களை வகுத்த தொல்காப்பியர் அசைநிலை என்றும் இசைநிறை என்றும் இரு வகையைத் தனியே எடுத்து வைத்தார். பொருள் தராத சொல்லும் இசையை நிறைத்து நிற்கும். அதற்கும் இலக்கணத்தில் இடமுண்டு என்பதே அதன் கருத்து. அரபு யாப்பை ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் வகுத்த கலீல் இப்னு அஹ்மதும் 'ஃபஊலுன், மஃபாஈலுன்' என்னும் அச்சுகளை அமைத்து, கவிதை முழுவதையும் அவற்றின்மேல் நிறுத்தினார். நாம் மதரஸாவில் அவற்றை மேசை தட்டிப் பாடித்தான் மனனம் செய்தோம். பொருள் மேலே மிதக்க வேண்டுமானால், கீழே ஒன்று அதைத் தாங்க வேண்டும். தாங்குவதற்குப் பெயர் இருப்பதில்லை.

இனி, மாணவர் போட்டுக்காட்டிய அந்தப் பாட்டின் வரலாற்றுக்கு வருவோம்.

நியூயார்க் நகரின் மேற்பகுதியில் எட்வர்ட் டபிள்யூ. ஸ்டிட் என்பவர் பெயரிலமைந்த நடுநிலைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே படித்த ஷெர்மன் கார்ன்ஸ், ஜிம்மி மெர்ச்சன்ட் என்னும் கறுப்பினச் சிறுவர் இருவர் பாடத் தொடங்கினர். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த போர்ட்டோ ரிக்கோச் சிறுவர்களான ஹெர்மன் சாந்தியாகோவும் ஜோ நெக்ரோனியும் அவர்களோடு சேர்ந்தனர். நெட்டையனான கார்ன்ஸ் கீழ்க்குரலுக்கு உரியவன். சாந்தியாகோ முன்குரல். குழுவுக்குப் பெயர் அடிக்கடி மாறியது. ஒரு சமயம் எர்மைன்ஸ் என்றார்கள். ஒரு சமயம் பிரீமியர்ஸ் என்றார்கள். 1955இல் ஃபிராங்கி லைமன் என்னும் சிறுவன் ஐந்தாவதாகச் சேர்ந்தான். 1942 செப்டம்பரில் பிறந்தவன். தந்தை லாரி ஓட்டுநர். தாய் வீட்டு வேலை செய்பவர். பத்து வயதிலேயே மளிகைக் கடையில் வேலை பார்த்தவன்.

வேறொரு பாடகர் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் பேரட் என்பவர் இச்சிறுவர்களின் பாட்டைக் கேட்டு, ஜார்ஜ் கோல்ட்னர் என்னும் இசைத்தட்டு முதலாளியிடம் அழைத்துச் சென்றார். அண்டை வீட்டார் ஒருவர் கொடுத்த காதல் கடிதங்களிலிருந்து எழுந்த பாட்டு ஒன்று அவர்களிடம் இருந்தது. 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' என்பது அதன் பெயர். அறிவிலிகள் ஏன் காதலில் வீழ்கின்றனர் என்பது பொருள். சாந்தியாகோ பாட வேண்டிய முன்குரலை, அவனுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் லைமன் பாடினான் என்று சொல்வதுண்டு. எவ்வாறாயினும், பதிவான தட்டில் மேலே எழுந்தது லைமனின் குரலே.

1956 ஜனவரியில் தட்டு வெளிவந்தது. கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் முதலிடம்; அமெரிக்கப் பொதுப்பட்டியலில் ஆறாமிடம்; அந்த ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் முதலிடம். தெருமுனையில் நின்ற ஐந்து சிறுவர்கள், 1957இல் லண்டன் பல்லேடியம் அரங்கில் நின்று பாடினார்கள்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் தட்டில் 'தி டீனேஜர்ஸ்' என்று குழுவின் பெயர் முன்னேயும், அதில் சிறப்பாகப் பாடுபவன் என்று ஃபிராங்கி லைமனின் பெயர் பின்னேயும் இருந்தன. அடுத்து வந்த தட்டுகளில் வரிசை மாறியது. 'ஃபிராங்கி லைமனும் டீனேஜர்ஸும்' என்றாயிற்று. எழுத்துகள் சில இடம் மாறின, அவ்வளவே. அதற்குள் ஒரு குழு குலைந்துவிட்டது. 1957ஆம் ஆண்டின் நடுவிலேயே லைமனைத் தனியே பிரித்துப் பாட வைத்தனர். அந்தச் சுற்றுப்பயணம் முடிவதற்குள் மற்ற நால்வரும் பின்னே தள்ளப்பட்டனர்.

இதைக் கேட்டபோது நாம் தலை குனிந்தோம். நியூயார்க் நகரத்து இசைத்தட்டு முதலாளி செய்ததை அம்பத்தூரில் ஒரு மக்தப் ஆசிரியரும் செய்திருக்கிறார். அவர் வேறு யாருமில்லை, நாமே.

1996ஆம் ஆண்டு. அப்போது நமக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. வேலூரில் ஓதி முடித்து, தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு சிறு பள்ளிவாசலில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க வந்திருந்தோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் ஏற்பட்டதிலிருந்து, ஆம்பூரிலிருந்தும் வேலூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் இங்கே நிலைகொண்டன. லேத் பட்டறையிலும், சைக்கிள் தொழிற்சாலையிலும், ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனிகளிலும், ஆவடியில் டாங்கி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையிலும் வேலை செய்வோரின் பிள்ளைகள் மாலையில் நம்மிடம் வந்தனர். ஊருக்கு ஒரு பேச்சு, ஊருக்கு ஓர் உச்சரிப்பு. அவர்களை ஒன்றாக்குவதற்கு எளிய வழி பைத்து என்று கண்டோம். ஏழு பிள்ளைகளைத் தேர்ந்து ஒரு பைத்துக் குழு அமைத்தோம். ஒருவன் அடியெடுத்துக் கொடுப்பான். மற்றவர்கள் சேர்ந்து மறுமொழி எடுப்பார்கள். கல்யாண ஊர்வலங்களுக்கும், ரபீஉல் அவ்வல் மாத மஜ்லிஸ்களுக்கும் பாடி, கொரட்டூர், திருமுல்லைவாயல், பூவிருந்தவல்லி என்று அழைப்புகள் வந்தன. பாதையோரம் நின்ற மாற்று மதத்தாரும் கேட்டு மகிழ்ந்தனர்.

அக்குழுவில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். தந்தையை இழந்தவன். தாய் துணிக் கம்பெனியில் தையல் வேலை செய்தார். அச்சிறுவன் வாயைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும். கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் இருந்தவர்கள்கூட அகப்பையைப் பிடித்தபடி வெளியே வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அதே குழுவில் 14 வயது மாணவர் ஒருவரும் இருந்தார். ஆவடித் தொழிற்சாலை வெல்டர் ஒருவரின் மகன். குரல் அப்போதுதான் உடைந்து தடித்திருந்தது. மற்றப் பிள்ளைகள் மேலே செல்லும்போது இவர் தாமாகவே ஒரு படி கீழே நின்று, அடிச்சுரத்தை விடாமல் பிடித்துக்கொள்வார். நாம் கற்பித்ததன்று, இயல்பாக வந்தது.

ஒரு பெரிய கல்யாணத்தின்போது, ஒலிபெருக்கிக்காரர் அந்தத் தடித்த குரல் தனியாக இரைகிறது என்றார். நாம் அம்மாணவரை அருகே அழைத்து, "தம்பி, உன் குரல் மைக்குக்கு ஆகாது. நீ உதட்டை மட்டும் அசைத்துக்கொள்" என்றோம். எல்லாப் பிள்ளைகளும் கேட்கச் சொன்னோம். அவர் தலையசைத்தார். அன்றும், அதற்குப் பிறகு நான்கைந்து இடங்களிலும், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். பிறகு வருவதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ஒலிநாடா தயாரிப்பவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். சிறுவனின் குரலைப் பதிவு செய்து விற்க விரும்பினார். மற்ற ஐவரும் வேண்டாம். அவர்கள் இடத்தில் கீபோர்டு வாசித்துக்கொள்ளலாம் என்றார். சிறுவனின் தாய்க்கு 1,500 ரூபாய் தருவதாகச் சொன்னார். அந்தத் தொகை அந்த வீட்டுக்குப் பெரிது என்று நமக்கு நாமே காரணம் சொல்லிக்கொண்டு இசைந்தோம். மறைப்பதில் பயனில்லை. ஒலிநாடாவின் உறையில், 'பயிற்றுவித்தவர்' என்று நம் பெயரும் அச்சாகியிருந்தது. அதைப் பல நாள் எடுத்து எடுத்துப் பார்த்தோம்.

வாயையே வாத்தியமாக்கி வறுமையை வென்றார்கள் அந்த நியூயார்க் பிள்ளைகள். வாயிருந்த பிள்ளைகளை விலக்கி வாத்தியத்தைக் கொண்டுவந்து வைத்தோம் நாம்.

லைமனின் கதை அதன்பின் எவ்வாறு போயிற்று? தனியே பாடிய தட்டுகள் பெரிதாக வெற்றி பெறவில்லை. 1957 ஜூலையில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில், அந்தச் சிறுவன் வெள்ளையினப் பெண் ஒருத்தியோடு ஆடிவிட்டான் என்பதற்காகத் தென்மாநிலங்களின் நிலையங்கள் கொதித்தெழ, அந்நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. அப்போது அவனுக்கு வயது 14. பெரியவர்களின் உலகத்துச் சினத்தையும் பெரியவர்களின் உலகத்துப் பழக்கங்களையும் அவன் ஒன்றாகச் சந்தித்தான். 15 வயதில் ஹெராயின் என்னும் போதைப் பொருளுக்கு அடிமையானான். குரல் உடைந்தது. உடைந்த குரலை ஏந்திக்கொள்ளப் பக்கத்தில் நால்வரும் இல்லை. 1968 பிப்ரவரி 27 அன்று, நியூயார்க்கில் தன் பாட்டியின் வீட்டுக் குளியலறையில் இறந்து கிடந்தான். வயது 25.

பாட்டின் பெயரால் வந்த பணத்துக்கு அவன் இறந்தபின் வழக்குகள் எழுந்தன. 1981இல் டயானா ராஸ் அதே பாட்டைப் பாடிப் புகழ்பெறச் செய்ததும் பணம் பெருகிற்று. லைமனின் மனைவி நாமே என்று மூன்று பெண்கள் வழக்காடினர். அவர்களுள் ஜார்ஜியா மாநிலத்துப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கே இறுதியில் உரிமை கிடைத்தது. அதனினும் துயரமானது மற்றொரு வழக்கு. பாட்டை இயற்றியவர்கள் என்று தொடக்கத்தில் லைமனுடன் சாந்தியாகோவின் பெயரும் அச்சாகியிருந்தது. பின்னர்ச் சாந்தியாகோவின் பெயர் மறைந்து முதலாளி கோல்ட்னரின் பெயர் நின்றது. அவர் தம் கம்பெனிகளை மோரிஸ் லெவி என்பவருக்கு விற்றதும், அந்தப் பாட்டில் ஓர் அசைகூட இயற்றாத லெவியின் பெயர் ஏறியது. சாந்தியாகோவும் மெர்ச்சன்டும் நீதிமன்றம் சென்றனர். இயற்றியவர்கள் இவ்விருவருமே என்று 1992இல் தீர்ப்பாயிற்று. 1996இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இவர்கள் இயற்றவில்லை என்பது அதற்குக் காரணமன்று. வழக்குத் தொடுக்கச் சட்டம் அனுமதிக்கும் மூன்றாண்டுக் காலம் கடந்துவிட்டது என்பதே காரணம்.

கீழ்க்குரல் கார்ன்ஸ் 1977இலும் நெக்ரோனி 1978இலும் இறந்துபோயினர். 1993இல் குழு முழுவதுக்கும் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் இடம் தரப்பட்டபோது, ஐவரில் உயிரோடிருந்தவர் இருவர்.

நம் ஒலிநாடாச் சிறுவனின் கதையில் நீதிமன்றமில்லை. போதைப் பொருளுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் போக்கு ஒன்றே. ஒலிநாடா வந்த ஓராண்டுக்குள் அவனுக்குக் குரல் உடைந்தது. அழைப்புகள் நின்றன. இரண்டாவது ஒலிநாடா போடுவதாகச் சொன்னவர் திரும்பி வரவில்லை. மறுபடி வரிசையில் வந்து நில் என்று நாம் கூப்பிட்டபோது, வரிசை இல்லை. மற்றப் பிள்ளைகள் எப்போதோ கலைந்துபோயிருந்தனர். முன்னே தனியாக நின்றவனுக்குப் பின்வரிசையில் நிற்கவும் கூச்சம். மக்தபை விட்டான், பள்ளிக்கூடத்தையும் விட்டான். பஞ்சர் ஒட்டும் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தான் என்று கேள்விப்பட்டோம். நேரில் போய்ப் பார்க்க நமக்குத் துணிவு வரவில்லை. ஆண்டுகள் உருண்டோடின.

"அவனைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று ஹஜ்ரத்? போய்வருவோமா?" என்றார் நியூ ஜெர்ஸி மாணவர்.

மறுநாள் அவருடைய காரில் சென்றோம். பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையோரம் சொந்தமாக ஒரு டயர்க் கடை வைத்திருக்கிறார். கறை படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க ஹஜ்ரத்" என்று ஸலாம் சொன்னார். நாற்பதை நெருங்கிய மனிதர். நம் மனத்தில் மட்டும் 11 வயதிலேயே நின்றிருந்தார். தேநீர் வரவழைத்தார். வெல்டர் மகனும் தையற்காரர் மகனும் ஒருவரையொருவர் தோளில் தட்டிக்கொண்டு, பழைய ஆட்களைப் பற்றியெல்லாம் பேசினர். பாட்டைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை.

நாமே எடுத்தோம். "தம்பி, உன்னைத் தனியே அனுப்பியது நம் பிழை. மன்னித்துக்கொள்ள வேண்டும்" என்றோம். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "உன் உதட்டை அசைக்கச் சொன்னதும் பிழை" என்றோம்.

வெல்டர் மகன் சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. சற்று நேரம் லாரிகள் போவதைப் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

"பணம், கேசட் எல்லாம் ஒன்றுமில்லை ஹஜ்ரத். பதிவு செய்த அன்று ஒரு கண்ணாடி அறையில் நிற்க வைத்தார்கள். காதில் ஒன்றை மாட்டினார்கள். அடியெடுத்ததும், வழக்கம்போல் பின்னால் இவர் குரல் வரும் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. இவர் கீழே பிடித்துக்கொண்டால்தான் எனக்கு மேலே போகத் தைரியம் வரும். அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போதே பயம் பிடித்துவிட்டது. குரல் உடைந்ததால் நான் நிறுத்தினேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அதற்கு முன்பே நின்றுவிட்டது."

நமக்கு விடையில்லை. தஜ்வீதின் நுணுக்கங்களையும் யாப்பின் அசைகளையும் முப்பதாண்டு கற்பித்த நாம், 11 வயதுச் சிறுவன் ஒரு கண்ணாடி அறையில் அறிந்துகொண்டதை அறியாதிருந்தோம். மைக்குக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கிய குரலின் மேலேதான், நாம் போற்றிய குரல் நின்றிருந்தது.

பிள்ளைகளின் குரல் பெற்றோர் நம்மிடம் ஒப்படைக்கும் அமானத். இனிய குரலுள்ள ஒருவனைக் கண்டால் முன்னே நிறுத்தத் தோன்றும். கூட்டமும் அதையே கேட்கும். பரிசளிப்பு விழாக்களிலும், இன்று கைப்பேசிக் காணொளிகளிலும், பிஞ்சுக் குரல்களைத் தனியே நிறுத்திக் காட்டும் ஆசை முன்னினும் பெருகியிருக்கிறது. ஈராண்டில் உடையப்போகும் குரலை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்வைக் கட்டுகிறோம் என்பதை அப்போது யாரும் நினைப்பதில்லை. திறமையை மறைத்து வைக்க வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அதைத் தாங்கும் தோள்களை விலக்கிவிட்டு அதை உயர்த்த முடியாது என்றே சொல்கிறோம்.

இந்த ஆண்டு மக்தபில் மறுபடியும் ஒரு பைத்துக் குழு அமைத்திருக்கிறோம். ஒன்பது பிள்ளைகள். அடியெடுப்பவன் வாரந்தோறும் மாறுவான். குரல் உடைந்த பிள்ளைகளை நாம் அனுப்பிவிடுவதில்லை, கீழ்ச்சுரம் அவர்களுடையது. யாராவது அழைத்தால், ஒன்பது பெயரையும் எழுதிக்கொடுத்துவிட்டே செல்கிறோம். ஆசிரியர் பெயர் அதில் இருப்பதில்லை.

டயர்க் கடைக்காரர் தம் மகனை நம்மிடம் ஓத அனுப்பியிருக்கிறார். பத்து வயது. தந்தையின் குரல் அப்படியே இருக்கிறது. கேட்ட மாத்திரத்தில் நமக்கு உடல் சிலிர்த்தது. கொண்டுவந்து விட்ட அன்று, கடை வேலையாக வண்டியை அணைக்காமலே நின்றுகொண்டு, அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்:

"பாடட்டும் ஹஜ்ரத். தனியாக மட்டும் நிறுத்தாதீர்கள்."

வரிசையில் அவனை நான்காவதாக நிறுத்தியிருக்கிறோம். அவனுக்கு நேர் பின்னே, குரல் உடைந்த பையன் ஒருவன் நிற்கிறான்.